வலது காலை மிதிக்க வேண்டிய ஹெலிகாப்டர்: சிமுலேட்டர் மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுப் பின்னறை. சனிக்கிழமை மாலை. அக்கா மகன் ஜாய்ஸ்டிக்கும் பெடலுமாக உட்கார்ந்திருக்கிறான். திரையில் நாங்கள் எட்டு மாதமாகச் செய்துவரும் ரோய்ஃபால்க் தாக்குதல் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்புகிறது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் தெருப் பெரியவர். விமானப்படையில் ஓரிக்ஸ் ஹெலிகாப்டர்களில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் திரையைப் பார்க்கவில்லை, பையனின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஏன் இடது காலை மிதிக்கிறே?"

"மூக்கு வலது பக்கம் போகுது தாத்தா, அதைத் தடுக்கத்தான்."

"இது நம்ம ஓரிக்ஸ் குடும்பமாச்சே. வலது காலைத்தான் மிதிக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் எட்டு மாத வேலையின் அடித்தளமே தவறு என்று தெரிந்துவிட்டது. போர் சிமுலேட்டருக்குத் தாக்குதல் ஹெலிகாப்டர் மாடல் செய்பவர்களும், ஏற்கெனவே இருப்பதை மேம்படுத்த நினைப்பவர்களும் பெரும்பாலும் விழுகிற குழி இதுதான். இன்னொரு ஹெலிகாப்டரின் உடம்பை எடுத்து, நம் ஹெலிகாப்டரின் சட்டையை மாட்டிவிடுகிறோம்.

முதலில் ரோய்ஃபால்க் பற்றி இரண்டு வரி. பெயர் ஆப்பிரிக்கான்ஸ் மொழி, சிவந்த வல்லூறு என்று பொருள். அட்லஸ் நிறுவனம் தென்னாப்பிரிக்காவிலேயே உருவாக்கியது. முதல் மாதிரி 1990 பிப்ரவரி 11 அன்று பறந்தது. விமானப்படைக்காகச் செய்யப்பட்டவை 12 மட்டுமே. எல்லாம் புளும்ஃபொன்டெய்னில் புளும்ஸ்ப்ரெய்ட் தளத்தின் 16-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போயின. ரோட்டர் (தலைக்கு மேல் சுற்றும் பிளேடுகள்), கியர்பாக்ஸ் போன்ற சுழலும் பாகங்கள் பிரான்சின் சூப்பர் பூமா வழி வந்தவை. டர்பனில் 15-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டும் ஓரிக்ஸும் பூமா குடும்பம்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நம் தலைக்கு மேல் பறந்தவை அவை. பெரியவர் சொன்னதன் பொருள் அதுதான்.

இனி, நடந்தது என்ன? பறக்கும் தன்மையை எழுதிப் பழக நாங்கள் ஃபிளைட்கியரில் தொடங்கினோம். அது கட்டற்ற விமான சிமுலேட்டர் மென்பொருள். பறக்கும் தன்மையைச் சொல்லும் கோப்புகள் திறந்து படிக்கிற மாதிரி எழுத்தில் இருக்கும். அதற்குக் கிடைக்கும் போ 105 ஹெலிகாப்டரின் கோப்பை எடுத்து எடையை மாற்றினேன், ரோட்டரின் விட்டத்தை மாற்றினேன், எஞ்சின் சக்தியை மாற்றினேன். பறந்தது. பறந்ததும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

போ 105-இன் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அபாச்சி போன்ற அமெரிக்க ஹெலிகாப்டர்களும் அப்படியே. பூமா குடும்பம் வலஞ்சுழி, நாம் கோயிலைச் சுற்றி வரும் திசை. ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். ஆகவே ரோய்ஃபால்க்கில் கலெக்டிவை (எல்லாப் பிளேடின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டி மேலே தூக்கும் நெம்புகோல்) உயர்த்தினால் மூக்கு இடது பக்கம் போகும், வலது பெடல் வேண்டும். கோப்பில் சி.சி.டபிள்யூ என்று ஒரு மதிப்பு இருக்கிறது. 1 என்றால் இடஞ்சுழி, 0 என்றால் வலஞ்சுழி. அந்த ஒற்றை எண்ணை நான் தொடவே இல்லை.

சரி, 1-ஐ 0 ஆக்கினால் முடிந்தது என்று மாற்றினேன். ஹெலிகாப்டர் இன்னும் மோசமாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது! காரணம் தேட இரண்டு மாலை ஆனது. இடஞ்சுழி ரோட்டர் இருந்தபோது, அந்தரத்தில் நிற்கையில் வாலில் இருக்கும் சிறு ரோட்டரின் (டெயில் ரோட்டர்) தள்ளலால் உடம்பு வலது பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. அது இயற்கை, நிஜ பைலட்டும் ஸ்டிக்கால் சமாளிப்பார். ஆனால் அது எனக்கு ஒரு கோளாறாகத் தெரிந்ததால், ஸ்டிக் நடுவில் இருக்கும்போதே ரோட்டர் கொஞ்சம் இடது பக்கம் சாயும்படி ஒரு திருத்தத்தை வேறொரு கோப்பில் போட்டு வைத்திருந்தேன். திசை மாறியதும் நகர்வும் இடது பக்கம் ஆகிவிட்டது, என் பழைய திருத்தமும் இடது பக்கமே தள்ளியது. காரணத்தைத் தொடாமல் அறிகுறியை மட்டும் அமுக்கினால், பிறகு சரியான திருத்தம் போடும் நாளில் அது எதிர்த்து நிற்கும். உங்கள் மாடலில் "இதை ஏன் போட்டேன்" என்று உங்களுக்கே விளங்காத எண் ஒன்று இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுப் பறந்து பாருங்கள்.

சுழலும் திசையோடு இன்னொன்றும் மாறுகிறது. வேகமாக முன்னே போகும்போது ரோட்டரின் ஒரு பக்கத்துப் பிளேடு காற்றை எதிர்த்து முன்னேறும், மறுபக்கத்துப் பிளேடு பின்வாங்கும். பின்வாங்கும் பக்கத்தில்தான் தூக்கும் விசை முதலில் கைவிடும். ரோய்ஃபால்க்கில் அது வலது பக்கம். இதன் மீறக்கூடாத வேகம் மணிக்கு 309 கி.மீ. அதைத் தாண்டி அழுத்தினால் உதறலோடு மூக்கு தூக்கி, வலது பக்கம் உருளப் பார்க்க வேண்டும். எஞ்சினில் சக்தி மிச்சம் இருக்கிறதே என்று 400 கி.மீ. வரை ஓடவிட்டிருக்கிற மாடல்களைப் பார்த்திருக்கிறேன். ஹெலிகாப்டரின் வேகத்துக்கு வரம்பு எஞ்சினில் மட்டும் இல்லை, பிளேடிலும் இருக்கிறது.

போ 105-இலிருந்து வந்த இன்னொரு வியாதி, ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே பாய்ந்து திரும்புவது. அந்தச் சிறிய ஹெலிகாப்டருக்குக் கீல் இல்லாத விறைப்பான ரோட்டர் தலை. அதிகபட்ச எடை 2,500 கிலோ, விட்டம் 9.84 மீட்டர். சண்டைக்காட்சி போல உருண்டு புரளும். ரோய்ஃபால்க்கின் பிளேடுகள் கீலில் ஆடுபவை. விட்டம் 15.58 மீட்டர், அதிகபட்ச எடை 8,750 கிலோ. ஸ்டிக்கை நகர்த்தினால் முதலில் ரோட்டர் சாயும், ஒரு நொடி யோசித்ததுபோல் உடம்பு பின்தொடரும். கோப்பில் இது மையத்திலிருந்து கீல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற எண்ணில் இருக்கிறது. விறைப்பான ரோட்டருக்கு அது பெரிதாகவும், கீல் உள்ளதற்குப் பிளேடு நீளத்தில் சில சதவீதமாகவும் இருக்கும். அந்த எண்ணைச் சரிசெய்த அன்றுதான் எங்கள் மாடலுக்குக் கனம் வந்தது. அதுவரை ஸ்டிக்கின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் ஹெலிகாப்டர் மந்தமானதே தவிர, கனமாகவில்லை.

அடுத்த தவறு நம் ஊருக்கே உரியது. டர்பன் கடலோரம். சோதனை எல்லாம் கடல் மட்டத்திலேயே நடக்கும். எண்களைத் தட்டித் தட்டிச் சரி செய்வோம். ஆனால் ரோய்ஃபால்க் குடியிருக்கும் புளும்ஃபொன்டெய்ன் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் 30 டிகிரி வெயில் அடித்தால் அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தின் நிலையான மதிப்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

இதைத் தாளிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், தயவுசெய்து போடுங்கள். 7,500 கிலோ எடையோடு அந்தரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 15.58 மீட்டர் என்றால் ரோட்டர் துடைக்கும் பரப்பு ஏறக்குறைய 190 சதுர மீட்டர். எடையை நியூட்டனுக்கு மாற்றி, அடர்த்தியையும் பரப்பையும் பெருக்கி அதன் இரண்டு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ரோட்டர் காற்றைக் கீழே தள்ளும் வேகம் கிடைக்கும். கடல் மட்டத்தில் அது நொடிக்கு 12.5 மீட்டர். அதை எடையால் பெருக்கினால் 920 கிலோவாட் சொச்சம். இழப்பே இல்லாத கற்பனை ரோட்டருக்கு இது. நிஜத்தில் பிளேடின் உராய்வும் டெயில் ரோட்டரும் சேர்ந்து இன்னும் சில நூறு கிலோவாட் கேட்கும். வெயில் நேரத்துப் புளும்ஃபொன்டெய்னில் அதே கணக்கு 1,030 கிலோவாட் ஆகிறது, 12 சதவீதம் கூடுதல். எஞ்சின்கள் இரண்டும் மக்கிலா 1கே2, தலா 1,420 கிலோவாட். ஆனால் மெல்லிய சூடான காற்றில் எஞ்சினும் தன் முழுச் சக்தியைத் தராது. தேவை ஏறுகிறது, வரவு இறங்குகிறது. இரண்டும் உங்கள் மாடலில் தெரிகிறதா? எங்களுடையதில் எஞ்சின் சக்தி எந்த உயரத்திலும் ஒரே எண்ணாக இருந்தது. உயரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அதைக் குறைத்த பிறகுதான், புளும்ஸ்ப்ரெய்ட்டிலிருந்து முழுச் சுமையோடு கிளம்பும்போது பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கலெக்டிவை மெதுவாக இழுக்கத் தொடங்கினான்.

அதே 12.5 மீட்டர் இன்னோர் இடத்திலும் உதவும். தன் காற்றிலேயே தான் அமிழ்ந்துபோகும் சுழல் வளைய நிலை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல மாடல்களில் செங்குத்து இறக்கம் நிமிடத்துக்கு 300 அடியைத் தாண்டியதும் கல் போல விழும்படி எழுதிவிடுகிறார்கள். அந்த 300 அடி பயிற்சியில் எச்சரிக்கைக்காகச் சொல்லப்படுவது, பாதுகாப்பான பக்கம் நிற்கச் சொல்வது. நொடிக்கு 1.5 மீட்டர்தான் அது. இயற்பியல்படி இந்த நிலை, ரோட்டர் தள்ளும் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டும்போதுதான் மெல்லத் தொடங்கும். கனமான ஹெலிகாப்டருக்கு அது நொடிக்கு 6 மீட்டருக்கு மேல். முதலில் குலுங்க வேண்டும், பிறகு கலெக்டிவை இழுத்தாலும் கேட்காமல் போக வேண்டும். ஸ்விட்ச் போட்டதுபோல் வரக்கூடாது.

ஆட்டத்தை அடக்க ஆட்டோபைலட்டின் உதவியைக் கூட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நிலைப்படுத்தும் கருவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பறக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சிரமமாக இருக்கலாம், ஆனால் முடிய வேண்டும். அதன் பிறகு கருவியைச் சேர்த்தால் போதும்.

தோற்றத்துக்கு வருவோம். எந்த ரோய்ஃபால்க் என்று முதலிலேயே தீர்மானிக்காமல் கிடைத்த படத்தையெல்லாம் பார்த்துச் செய்வதுதான் இங்கே பெரிய பிழை. முதல் மாதிரிக்கும் ஸ்குவாட்ரனுக்கு வந்ததற்கும், பிறகு மேம்படுத்திய மார்க் 1எஃப்புக்கும் வேறுபாடுகள் உண்டு. மூன்றையும் கலந்தால் உலகத்தில் எங்குமே இல்லாத ஒன்று வரும். டெயில் ரோட்டர் வலப்பக்கம் என்பதையும் பாருங்கள். ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கண்ணாடிபோல் பிரதி எடுக்கும்போது வாலும் பிரதியாகிவிடும். ஆணிக்கு ஆணி பாலிகன் (வடிவத்தைக் கட்டும் சிறு தட்டைகள்) செலவழிக்க வேண்டாம், அதை மேலே ஒட்டும் படமான டெக்ஸ்சரில் கொண்டுவந்துவிடலாம். மிச்சத்தைப் பிளேடுக்குக் கொடுங்கள். நின்றிருக்கும்போது பிளேடுகள் நுனி தாழ்ந்து தொங்க வேண்டும், சுமையோடு பறக்கும்போது கூம்புபோல் மேலே வளைய வேண்டும். நான்கு பலகையை ஆணியடித்ததுபோல் மட்டமாகச் சுற்றும் ரோட்டரைக் கண்டால் எனக்கு மனசே ஒட்டாது. ஒலிக்கும் ஒரு வார்த்தை. வேறு ஹெலிகாப்டரின் சத்தத்தை வைக்காதீர்கள். ஓரிக்ஸின் எஞ்சினும் மக்கிலா குடும்பம்தான். டர்பன்காரர்கள் வாசலில் நின்றாலே கேட்கலாம்.

ஆயுத விஷயத்தில் ஆசை கண்ணை மறைக்கும். இறக்கையில் ஏவுகணையாக அடுக்கிவிடுவோம். 2013 நவம்பரில் காங்கோவில், ஐ.நா. படையின் பகுதியாக ரோய்ஃபால்க் முதன்முறை சண்டையில் இறங்கியபோது சுட்டது 70 மி.மீ. ராக்கெட்டுகளை. உங்கள் மாடல் திறந்தவுடன் வரும் சுமை அந்த ராக்கெட்டுகளும் மூக்கடியில் உள்ள 20 மி.மீ. பீரங்கியும் அதன் 700 தோட்டாக்களுமாக இருக்கட்டும். முக்கியமானது, சுட்டால் எடை குறைய வேண்டும். ராக்கெட் 76 வரை ஏற்றலாம், முழுச் சுமை பல நூறு கிலோ. ஒரு பக்கக் கூண்டை மட்டும் காலி செய்தால் மறுபக்கம் சாய்வது ஸ்டிக்கில் தெரிய வேண்டும். எங்கள் மாடலில் ராக்கெட் திரையில் மறைந்தது, எடை அப்படியே இருந்தது. சுட்டு முடித்த பிறகும் ஏன் ஏற மறுக்கிறது என்று பையன் கேட்டபோதுதான் அதைக் கவனித்தோம்.

கடைசியாக வேலை செய்யும் முறை. ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள், கணினியில் அல்ல. 2023-இல் லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, சேமிக்காமல் விட்ட ஒரு மாலை வேலை முழுதும் போனது. போனதைவிட, எந்தெந்த எண்ணை எவ்வளவு மாற்றினோம் என்று நினைவில்லாததுதான் அதிக வலி. அன்றிலிருந்து மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே சோதனைதான். கடல் மட்டத்தில் அந்தரத்தில் நிற்பது, புளும்ஸ்ப்ரெய்ட்டில் 30 டிகிரியில் அந்தரத்தில் நிற்பது, 278 கி.மீ. வேகத்தில் நேராகப் பறப்பது, செங்குத்தாக இறங்குவது. நான்கிலும் கலெக்டிவ், ஸ்டிக், பெடல் எங்கே இருந்தன என்று பையன் படித்துச் சொல்வான், நான் எழுதுவேன். பெடல் என்ற பத்தியில் இப்போது எல்லா வரியிலும் "வ" என்று இருக்கிறது. அந்தரத்தில் நிற்கும் இரண்டு வரிகளையும் பெரியவர் விரல் வைத்துப் பார்த்தார். செங்குத்து இறக்கத்தில் மட்டும் குலுக்கல் போதாது என்கிறார். இந்த வாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.