ஜென் எட் பாடங்களை எப்படி எடுப்பது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் (பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அலகு) வேண்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ‘ஜென் எட்’ எனும் பொதுக்கல்வி எடுத்துக்கொள்ளும்: எழுத்து, கணிதம், அறிவியல், கலை இலக்கியம், சமூக அறிவியல். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதை வெட்டிச் சுமை என்கிறார்கள். சரி, சுமையையே கொஞ்சம் குறைப்போம்.

நீங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்கை, அதாவது பல்கலைக்கழகத்தின் பாடங்களும் விதிகளும் அடங்கிய கையேட்டை, எடுங்கள். பெரும்பாலும் அந்த ஆண்டு விதிகள்தான் உங்களுக்கு. பக்கத்திலேயே உங்கள் மேஜர் (முதன்மைப் பாடப்பிரிவு) கேட்கும் பாடங்களின் பட்டியலையும் வைத்து, இரண்டிலும் வரும் பாடங்களை வட்டமிடுங்கள். உளவியல் மாணவருக்கு அறிமுக உளவியலே சமூக அறிவியல் கட்டத்தையும் நிரப்பக்கூடும். எத்தனை பாடங்களை இப்படி இரண்டுக்கும் கணக்கில் காட்டலாம் என்பது அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கும், அதையும் படியுங்கள்.

கணிதத்தில் கவனம். பொறியியலுக்குக் கால்குலஸ் வேண்டும். சுலபம் என்று கலைப்பிரிவுக் கணிதம் எடுத்தால் ஜென் எட் முடியும், மேஜர் நகராது. அறிவியலில் வகுப்புக்கு 3 கிரெடிட், ஆய்வகத்துக்கு 1 என்று தனித்தனி எண்கள் இருக்கலாம். ஆய்வகத்தைப் பதிவு செய்ய மறந்தால் அந்தக் கட்டம் காலியாகவே நிற்கும்.

எழுத்துப் பாடத்தை முதல் ஆண்டிலேயே முடியுங்கள்; பல பாடங்களுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு. அப்புறம், வேறு கல்லூரியில் படித்த பாடம் என்றால் சிலபஸைப் பத்திரமாக வையுங்கள். கிரெடிட் கிடைத்தும் ‘எலக்டிவ்’ (விருப்பப் பாடம்) என்று போட்டுவிட்டால், ஜென் எட்டில் சேர்க்கச் சொல்லி வாதாட அந்தத் தாள்தான் உதவும்.