மே மாத ஞாயிற்றுக்கிழமையில் ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு

எங்கள் வீடு, மலையிலிருந்து சேலத்தைப் பார்க்கிற லேடீஸ் சீட் என்ற இடத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மே மாத ஞாயிறு பதினோரு மணிக்கு வாசலில் நிற்கிற கார்களைத் தாண்டிப் பால் வாங்கப் போவதே பெரும்பாடு. அதே வாசல் காலை ஆறரைக்கு வெறிச்சோடிக் கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கும் அப்படித்தான். வருகிறவர்களில் நிறையப் பேர் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். அதனால் எங்கள் சொந்தக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு ராத்திரி தங்க முடியுமா என்றுதான். தங்கினால் ஊர் உங்களுக்குக் கிடைக்கும்.

முடியாது என்றால் சேலத்தில் ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். விடியலில் அவற்றை நிதானமாக ஏறலாம். பத்து மணிக்கு மேல் முன்னால் ஒரு பஸ் திணறும், பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கும். போன வருஷம் மேல் வளைவு ஒன்றில் ஒரு கார் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. உள்ளே மூன்று வயதுக் குழந்தை வாந்தி எடுத்து வாடிப்போயிருந்தது. எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே வைத்தேன், கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்: எலுமிச்சம்பழம், தண்ணீர், ஒரு பழைய துண்டு இல்லாமல் மலை ஏறாதீர்கள்.

குப்பனூர், கொட்டச்சேடு வழியாகவும் ஏறலாம். சுற்று, ஆனால் பச்சை அதிகம். கோடை விழா நாட்களில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று போலீஸார் மாற்றிவிடுவதும் உண்டு. அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் எல்லோரும் ஏரிக்கரைக்குத்தான் போகிறார்கள். நீங்கள் முதலில் பகோடா பாயின்ட் போங்கள். கிழக்கே பார்த்த இடம், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அப்புறம் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். கற்பூர வாசனையும் ஈரக் குளிருமாக, உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலை மக்களுக்கு அது குலதெய்வ வாசல். செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்திப் போங்கள்.

கிளியூர் அருவிக்கு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான். மழை பெய்யாத மே மாதத்தில் அவ்வளவு படி இறங்கி வெறும் பாறையைப் பார்க்க வேண்டாம்.

படகில் ஏற ஆசை என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். நடுப்பகலில் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் காரை எடுத்துப் போகவே போகாதீர்கள். கிடைத்த இடத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு நடங்கள். நடந்தால்தான் சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்த மிளகுக்கொடியைத் தொட்டுப் பார்க்க முடியும்.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். போட்டோவுக்காக எஸ்டேட் வேலியைத் தாண்டாதீர்கள். கோடை மழை விழுந்த சில நாளில் காப்பிச்செடி மல்லிகைச் சரம் போலப் பூக்கும், வாசனை சாலை வரைக்கும் வரும். தலையில் வைக்க ஒரு கொப்பை ஒடித்தால் டிசம்பரில் அந்தக் கொப்பில் பழம் இல்லை. கேட்டுவிட்டு வந்தால் எஸ்டேட்காரர்கள் பலர் கூடவே வந்து காட்டுவார்கள்.

குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். கவரோடு தின்கிறது, பார்க்கவே வயிறு பதறுகிறது. உங்கள் குப்பை உங்கள் பையிலேயே கீழே போகட்டும்.

சாயங்காலம் எல்லோரும் இறங்குகிற நேரத்தில் நீங்களும் இறங்க வேண்டாம். லேடீஸ் சீட்டில் சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள். பாதை காலியானதும் இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குங்கள். நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையிலேயே கருகின வாடை அடிக்கும். வளைவில் எதிரே ஏறி வருகிற வண்டிக்கு முதலில் வழிவிடுங்கள்.