கேட்டதற்குக் கீழ்ப்படிதல்: கர்த்தருடைய சத்தத்தை அறிய ஒரு வழிகாட்டி

கர்த்தர் தம்மோடு பேச வேண்டும் என்று வாஞ்சிக்கிறவர், அவர் ஏற்கெனவே தெளிவாகச் சொன்ன எதையாவது செய்யாமல் தள்ளிவைத்திருக்கிறோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், அவனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்தும்படி இயேசு மலைப்பிரசங்கத்தில் கட்டளையிட்டிருக்கிறார். சொத்துப் பிரிவினையில் உடன்பிறந்தவரோடு பேச்சை நிறுத்திவிட்ட ஒருவர், எந்த வேலையில் சேருவது என்று உபவாசமிருந்து விசாரிப்பதற்கு முன்பு, அந்தக் கட்டளைக்கு உட்பட வேண்டும். தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனே உபதேசத்தை அறிந்துகொள்வான் என்று யோவான் 7:17 சொல்லுவதால், செய்ய மனதில்லாமல் கேட்க மட்டும் முயலுவது பயனற்றது என்றே நான் நம்புகிறேன்.

தனித்தியானத்திற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து வாசிப்பதைவிட, ஒரு சுவிசேஷத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக, நாளுக்கு ஒரு பகுதியாக வாசியுங்கள். ஏனென்றால் நாமே தேடி எடுக்கும் வசனங்கள் பெரும்பாலும் நமக்குப் பிடித்தவையாகவே இருக்கும். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசனத்தை நன்றியோடு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆண்டு முழுவதற்கும் அது ஒன்றே போதாது. வாசித்த பகுதி இன்று என்னிடம் எதைச் செய்யச் சொல்லுகிறது என்று ஜெபத்தோடு கேட்டு, சிறிது நேரம் அமைதியாயிருந்து, மனதில் உறுத்தியதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். 'அன்பாயிருக்க வேண்டும்' என்று எழுதுவதைவிட, 'இன்று மாலை மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று எழுதுவது நல்லது.

உள்ளத்தில் எழும் எல்லா ஏவுதலும் கர்த்தரிடமிருந்து வருவதில்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அந்தப் பவுலே பிரசங்கித்தபோது, பெரோயா பட்டணத்தார் அதை வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஆகவே உங்களுக்குத் தோன்றியது வேதத்திற்கு முரணானதா என்று பாருங்கள். முரண்பட்டால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். திருமணம், கடன், ஊழியத்திற்காக வேலையை விடுவது போன்ற பெரிய காரியங்களில், உங்களை நன்கு அறிந்த, உங்களை மறுத்துப் பேசத் தயங்காத மூத்த விசுவாசி ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். 'கர்த்தர் எனக்குச் சொல்லிவிட்டார்' என்று அறிவித்து மற்றவர்களின் வாயை அடைப்பதும், அந்தப் பெயரில் பிறருடைய பணத்தையோ திருமணத்தையோ தீர்மானிப்பதும் பெரிய தீங்கு.

ஆசாரியனாகிய ஏலியிடம் ஆலயத்தில் வளர்ந்த சாமுவேல், கர்த்தரிடமிருந்து முதலில் கேட்ட செய்தி இனிமையானதாக இருக்கவில்லை. தன்னை வளர்த்த ஏலியின் குடும்பத்தின்மேல் வரும் நியாயத்தீர்ப்பையே சிறுவனாகிய அவன் கேட்டான். விடியுமட்டும் படுத்திருந்து, எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். ஏலியிடம் சொல்லப் பயந்தான். பயத்தோடேயே, கேட்கப்பட்டபோது ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். பயம் நீங்கிய பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதிக் கீழ்ப்படிதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமலேக்கியரையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் ஒன்றும் விடாமல் அழிக்கும்படி பெற்ற கட்டளையின் பெரும்பகுதியை இஸ்ரவேலின் ராஜாவாகிய சவுல் செய்தான். ஆனால் அவர்களுடைய ராஜாவாகிய ஆகாகையும் ஆடுமாடுகளில் தரமானவற்றையும் தப்பவைத்து, அவை பலியிடுவதற்கென்று பக்தியான காரணமும் சொன்னான். பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று, அப்போது தீர்க்கதரிசியாயிருந்த சாமுவேல் பதிலளித்தார். நேர்மையாகக் கணக்குக் காட்டச் சொல்லும் வசனத்திற்கு, கூடுதலாக ஒரு காணிக்கை கொடுத்து ஈடுசெய்ய நாமும் முயலுகிறோம்.

கீழ்ப்படிதல் நம்முடைய நல்ல திட்டத்தையே மாற்றக்கூடும். 1895-ல் இந்தியாவுக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் அறிவித்துவந்தார். 1901-ல் கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். பின்பு மேலும் குழந்தைகள் வந்தார்கள். குழந்தைகளை வளர்ப்பவர் ஊர் ஊராகச் சுற்ற முடியாது. தாம் நேசித்த பயண ஊழியத்தை விட்டுவிட்டு, 1951-ல் மரிக்கும்வரை அவர் டோனாவூரில் அவர்களோடு இருந்தார். வாசலில் வந்து நிற்கும் தேவையும் கர்த்தர் நம்மிடம் பேசும் வழியாக இருக்கலாம் என்பதால், ஜெபவேளையைக் குலைக்கும் மனிதரை உடனே தடையென்று எண்ணாதீர்கள்.

ஒரு காரியத்தைக் குறித்துப் பல வாரங்கள் ஜெபித்தும் தெளிவு கிடைக்காவிட்டால், புதிய அடையாளங்களைத் தேடி அலையாமல், இன்றைய கடமைகளை உண்மையாய்ச் செய்துகொண்டிருங்கள். வாரக் கடைசியில் உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, எழுதிய வாக்கியங்களில் செய்து முடித்தவற்றைக் குறியிட்டு, மீதியிருப்பவற்றில் மிகவும் தள்ளிப்போட்டதை எடுத்து, அதை வருகிற வாரத்தில் எந்த நாளில் செய்வீர்கள் என்று அதன் அருகிலேயே எழுதிவிடுங்கள்.