செகண்ட் ஹேண்ட் கார்: முதலில் பேப்பர், அப்புறம் பெயிண்ட்

போன ஐப்பசியில் 2016 மாடல் வேகன் ஆர் ஒன்று வாங்கினேன். சொன்ன விலை 3,40,000. முடித்தது 3,05,000. வண்டி இன்றுவரை வழியில் நின்றதில்லை. ஆனால் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) என் பெயருக்கு மாற நான்கு மாதம் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்த மாடல், பெட்ரோலா டீசலா என்பதெல்லாம் உங்கள் வீட்டு விவகாரம், அதற்குள் நான் வரவில்லை.

விலை. அதே வருடம், அதே வேரியன்ட், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் விளம்பரம் பத்தாவது பாருங்கள். அதில் இருப்பது கேட்கும் விலைதான், கிடைக்கும் விலை இல்லை. இன்சூரன்ஸில் போட்டிருக்கும் ஐ.டி.வி.யை (இன்சூரன்ஸுக்காக வண்டிக்கு வைக்கும் மதிப்பு) காட்டி விலை சொல்வார்கள். ஐந்து வருடம் வரைதான் அதற்குக் கழிவு அட்டவணை உண்டு. நான்கிலிருந்து ஐந்து வருட வண்டிக்குப் பாதி கழியும். அதற்கு மேல் போனால் ஓனரும் கம்பெனியும் பேசி வைக்கிற தொகைதான், நம்பி ஏமாறாதீர்கள்.

பேப்பர். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே நம்பரை வாங்கி எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போடுங்கள். பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எல்லாம் வரும். நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில்.

ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயரில் ஹெச்.பி., அதாவது வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற பதிவு, இருந்தது. "லோன் முடிஞ்சு மூணு வருஷமாச்சு சார்" என்று ஓனர் ஸ்டேட்மெண்ட்டையே காட்டினார். பாக்கி பூஜ்யம். நானும் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபைலைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கடன் முடிவது வேறு, ஹெச்.பி. கேன்சல் ஆவது வேறு. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), வங்கி கையெழுத்தும் சீலும் போட்ட ஃபாரம் 35-ம் கொடுத்தால்தான் பதிவிலிருந்து அந்தப் பெயர் போகும். இவர் என்.ஓ.சி.யைத் தொலைத்திருந்தார். அதற்குள் கோவைக்கு வேலை மாற்றல் வேறு. பணம் கைக்குப் போனபின் என் போனை எடுக்க அவருக்கு என்ன அவசரம்? ஹெச்.பி. நீங்கிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை 25,000 ரூபாயாவது நிறுத்தி வையுங்கள்.

வண்டி. காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ சமாளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால்கோவா மாதிரி படிந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், மெக்கானிக் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. சீட் கவரை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியில் உள்ள சேற்றுக்கறையை மறந்துவிடுவார்கள். டயரில் 3419 என்று இருந்தால் 2019-ன் 34-வது வாரம் செய்தது.

அடிபட்ட இடத்தில் பூசி மறைத்த பட்டியைக் காந்தத்தால் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் வேலை பார்த்திருக்கலாம்.

என் ஓட்டு ஓபிடி ஸ்கேனருக்குத்தான். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் சின்னக் கருவி அது. ப்ளூடூத் வகை மலிவாகவே கிடைக்கும். எர்ரர் கோடு இல்லை என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். கோடு அழித்தபின் ஓடிய தூரம் என்று ஒரு வரி பல வண்டிகளில் வரும். நான் வேண்டாம் என்று விட்டுவந்த இன்னொரு வண்டியில் அது 6 கிலோமீட்டர் காட்டியது. அன்று காலையில்தான் துடைத்திருக்கிறார்கள்!

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதற்கு, ஓனரோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். மெக்கானிக்கை நீங்களே கூட்டிப்போங்கள், புரோக்கர் சொல்லும் ஆள் வேண்டாம்.

பெயர் மாற்றம். ஃபாரம் 29, 30. இவற்றை வெறுமையாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள்தான். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பழைய ஓனரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையைக் கட்டத் தயாராக இருங்கள்.

பிறகு சேர்த்தது: பாண்டிச்சேரி நம்பர் வண்டி மலிவாக வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பாண்டிச்சேரி ஆர்.டி.ஓ.விடம் ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப வரியும் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள். இன்னொருவர் பழைய ஓனரின் சிக்னல் அபராதத்தைத் தன் கையிலிருந்து கட்டியிருக்கிறார். இ-செலான் தளத்தில் வண்டி விவரத்தைப் போட்டால் பாக்கி தெரிந்துவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு ஒருமுறை, முழுப்பணம் கொடுக்கும் அன்று காலை இன்னொருமுறை பாருங்கள்.