மாணவரின் தொழில்முனைவு நோக்கத்தை ஆராய வினாத்தாள் அமைக்கும் முறை

"சொந்தத் தொழில் தொடங்க விருப்பமா?" என்று வகுப்பறையில் கேட்டால் கைகள் தாராளமாக உயரும். விருப்பம் வேறு, நோக்கம் வேறு என்பதால், ஆய்வு மாணவர் முதலில் கேள்விக்குக் காலவரையறை கொடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய பன்னாட்டு மாணவர் ஆய்வு, படிப்பு முடிந்தவுடன் என்ன செய்வீர்கள், ஐந்தாண்டு கழித்து என்ன செய்வீர்கள் என்று இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. முதலில் வேலை, பிறகு தொழில் என்று எண்ணுவோர் ஒற்றைக் கேள்வியில் காணாமல் போய்விடுவார்கள்.

அடுத்து, காரணிகளுக்கான கேள்விகள். உளவியலாளர் ஐசக் அய்சன் 1991இல் விரிவாக எழுதிய கோட்பாட்டின்படி, ஒரு செயல் மீதான மனப்பாங்கு, நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, அது தன்னால் முடியும் என்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே நோக்கத்தை உருவாக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து கூற்றுகளை எழுதி, ஏழு புள்ளி அளவையில் (1 என்றால் முழு மறுப்பு, 7 என்றால் முழு உடன்பாடு) விடை கேட்கலாம். "எனக்குத் தொழில் தொடங்கும் ஆர்வமும் திறமையும் உண்டு" என்ற கூற்றைப் பாருங்கள்: ஆர்வம் மிகுந்து திறமையில் ஐயமுள்ள மாணவர் நடுவிலுள்ள 4ஐ வட்டமிடுவார், அந்த 4க்கு என்ன பொருள் என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

என் கணிப்பில், மூன்றாவது காரணிக்கே அதிக உழைப்பு தேவை. "என்னால் முடியும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு பொருளுக்கு விலை வைக்க, முன்பின் தெரியாதவரிடம் அதை விற்க, மூன்று மாத வரவுசெலவைத் திட்டமிட முடியுமா என்று வேலை வேலையாகக் கேட்க வேண்டும். தானே செய்து வென்ற அனுபவமே தன்திறன் நம்பிக்கையின் வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா கூறியதால், இதுவரை எதையாவது விற்றதுண்டா என்ற கேள்வியும் அருகிலேயே இருக்கட்டும்.

நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு பல ஆய்வுகளின் கணக்கீட்டில் வலுவற்றதாகத் தெரிகிறது. அதற்காக அதை நீக்கிவிடக் கூடாது. ஸ்பெயின், தைவான் மாணவர்களிடம் லின்யான், சென் என்ற ஆய்வாளர்கள் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், அது மற்ற இரண்டு காரணிகளின் வழியாகச் செயல்படுவது தெரிந்தது. பெற்றோர் தொழில் நடத்துகிறார்களா என்பதோடு, அத்தொழிலில் மாணவர் கண்டது இலாபமா, ஓயாத கடன் தொல்லையா என்பதையும் கேளுங்கள். வயது, பாலினம், பாடப்பிரிவு ஆகியவற்றைக் கடைசிப் பக்கத்தில் வைத்தால் போதும்.

தொழில்முனைவுப் பாடத்தின் தாக்கத்தை அறிய வேண்டுமானால், பாடத்திற்கு முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, பாடம் பயிலாத ஒரு குழுவோடு ஒப்பிட வேண்டும். நெதர்லாந்துக் கல்லூரி ஒன்றில் இவ்வாறு ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், பாடத்திற்குப் பின் நோக்கம் குறைந்திருந்தது. இதைப் பாடத்தின் தோல்வியென்று உடனே எழுதிவிட வேண்டாம், தொழிலின் கடினத்தைக் கண்டறிந்து விலகியவரும் அதில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டாம் முறை கொடுக்கும் தாளில் "உங்கள் எண்ணம் மாறியிருந்தால் ஏன்?" என்று கேட்டு, எழுத நான்கு வரி இடம் விடுங்கள்.