மண்தொட்டியில கோலம் போட்டா பால்கனியே மாறிடும்

மும்பைல சின்ன வீடுதான், பால்கனின்னு பேருக்கு நாலடி இடம், ஆனா அதையே அழகா பண்ணிடலாம்ங்க. தாராவி 90 அடி ரோடு பக்கம் கும்பார்வாடான்னு குயவர் குடியிருப்பு இருக்குல்ல, அங்க போய் மண்தொட்டி வாங்குங்க, வாங்கறப்போ விரலால தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்டா நல்லா வெந்தது, சத்தம் மொத்தையா வந்தா விரிசல் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சு, தூசியைத் துடைச்சு ஒரு நாள் காய விடுங்க. முழுசா பெயிண்ட் அடிக்காதீங்க, அந்த செம்மண் கலர்தான் நமக்கு காவி மாதிரி, அதை மறைச்சா என்ன அழகு இருக்கு சொல்லுங்க. வெள்ளை அக்ரிலிக் பெயிண்டை காலி மெஹந்தி கோன்ல ஊத்தி நுனியை துளியூண்டு வெட்டிட்டு, பட்ஸால புள்ளி வச்சு, சுத்தி சிக்குக்கோலம் இழுங்க. கோடு கோணலாப் போனா ஈரமா இருக்கப்பவே துணியால துடைச்சிடலாம், காஞ்சா வராது.

முக்கியமானது இதுதான்: மண்தொட்டி தண்ணிய உறிஞ்சும், அந்த ஈரம் உள்ளேர்ந்து வெளிய வந்து பெயிண்டை உரிச்சிடும். எனக்கு முதல் தொட்டி ஆசையா போட்டது ஒரே மழைக்காலத்துல செதில் செதிலா உரிஞ்சு போச்சு, மனசே கேக்கல. அதனால செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டில வச்சு அதை இதுக்குள்ள இறக்கிடுங்க, மணி பிளான்ட்டுக்கு அது போதும். கோலம் காஞ்சதும் வெளிப்பக்கம் வார்னிஷ் ரெண்டு கோட் அடிங்க. ஜூன்ல மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, அப்புறம் எதுவும் சீக்கிரம் காயாது.