மலைக்கு ஜிபிஎஸ் கருவி வாங்கப் போகிறீர்களா? கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்

பேரணாம்பட்டு டேனரி ஒன்றில் தோல் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. தோலை வெளிச்சத்தில் விரித்து, கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த வடு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் பார்த்த பிறகுதான் எந்தக் கட்டில் போடுவது என்று சொல்வேன். மலைக்குக் கொண்டுபோகிற ஜிபிஎஸ் கருவியையும் அப்படித்தான் வாங்க வேண்டும். பெட்டிமேல் அச்சடித்த சிறப்புகளைப் படித்து வாங்கினால், மலைமேல் போன பிறகுதான் எங்கே வடு என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருகிற பையன்கள் கேட்பார்கள்: "இன்னாண்ணே, போன்லயே மேப் இருக்குதே, இதுக்கு எதுக்குத் தனியா துட்டு?" நியாயமான கேள்வி. ஏலகிரியில் சுவாமிமலை வரை ஏறி இறங்கப் போன் போதும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டால் டவர் இல்லாவிட்டாலும் இடம் காட்டும். அதற்காக யாரும் தனிக் கருவி வாங்க வேண்டாம்.

எனக்குத் தேவை வந்தது ஜவ்வாது மலையில். கார்த்திகை மாதம், வனத்துறை அனுமதியோடு ஜமுனாமரத்தூர் பக்கம் ஐந்து பேர் போனோம். வழிகாட்டியாக வந்தவர் அந்த மலையிலேயே வாழ்கிற மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர். வழியில் என் அக்கா மகனுக்கு ஷூ அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டி நிமிர்வதற்குள் மூட்டம் இறங்கி, முன்னால் போனவர்கள் மறைந்துவிட்டார்கள். தூறல் வேறு. அவன் போனை எடுத்தான். திரையில் தண்ணீர், விரல் வைத்தால் ஒரு பக்கம், படம் ஓடுவது வேறு பக்கம். துண்டால் துடைக்கத் துடைக்க ஈரம். சார்ஜ் ஒன்பது சதவீதம். என்னிடம் இருந்தது பழைய கறுப்பு வெள்ளைத் திரைக் கருவி. வரைபடம்கூட அதில் கிடையாது. ஆனால் காலையிலிருந்து நடந்த தடம் ஒரு கோடாக ஓடியிருந்தது. ஈரக் கையோடு பொத்தானை அமுக்கி அந்தக் கோட்டின்மேலேயே திரும்பினோம். அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்ததும் காலையில் கடந்த சாமைக் காடு வந்தது. வரப்பில் பெரியவர் எங்களைத் தேடிக்கொண்டு நின்றிருந்தார். "ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்திருப்பனே சாமி" என்றார்.

அன்றிலிருந்து கருவி பார்க்கும்போது என் முதல் சோதனை பொத்தான். கையை நன்றாக நனைத்துக்கொண்டு இயக்கிப் பாருங்கள். பனிமலைக்குப் போகிறவர் என்றால் தடித்த கையுறை போட்டுப் பாருங்கள். கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் முகப்பில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதான ஒரு குச்சி இருக்கும். அதை நாலாபக்கமும் தள்ள வேண்டும். நம் ஊர் மலைக்கு அது நன்றாகவே போதும். ஆனால் ஜனவரியில் உத்தராகண்டில் 12,500 அடி உயரக் கேதார்காந்தாவில் கம்பளிக் கையுறையோடு அதைத் தள்ள முடியாமல், ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றினேன். அதே கம்பெனியின் ஜிபிஎஸ்மேப் வரிசையில் (65எஸ், 66எஸ், 67) முகப்பிலேயே பெரிய பொத்தான்கள். பனிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போய்விடுங்கள். தொடுதிரை மட்டுமே உள்ளதை மலைக்கு நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது திரை. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் பாறைமேல் பத்து நிமிஷம் வைத்த போன் "சூடாகிவிட்டது" என்று சொல்லி அணைந்துபோகும். அணையாவிட்டாலும் திரையில் நம் முகம்தான் தெரியும். கைக்கருவிகளின் திரை வேறு வகை. மேலே விழுகிற வெயிலையே திருப்பி எறிந்து படத்தைக் காட்டும். வெயில் ஏற ஏறத் தெளிவு கூடும். அறைக்குள் மங்கலாக இருக்கிறதே என்று கடையிலேயே ஒதுக்கிவிடாதீர்கள். பின்விளக்கை அணைத்துவிட்டு, கடைக்கு வெளியே நடு வெயிலில் பிடித்துப் பாருங்கள். அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஈட்ரெக்ஸ் 2.2 அங்குலம், ஜிபிஎஸ்மேப் 66எஸ் 3 அங்குலம். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த முக்கால் அங்குலம் பெரிய உதவி.

ஆன்டெனாவைப் பற்றிக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஈட்ரெக்ஸில் இருப்பது தட்டையான வில்லை. கருவியைப் படுக்கவைத்து வானத்தைப் பார்க்கப் பிடித்தால் நன்றாக வாங்கும். ஜிபிஎஸ்மேப் கருவிகளின் தலையில் குட்டை விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது சுருள் ஆன்டெனா. அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பையின் தோள்பட்டையில் மாட்டிக்கொண்டு மரத்தடியில் நடக்கிறவர்களுக்குச் சுருள்தான் வசதி.

மடுவுக்குள் இறங்கும்போது வேறொரு தொந்தரவு. செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வருகிற அலை நேராக வராமல் பாறையில் மோதித் திரும்பி வந்தால், கிணற்றுக்குள் கத்தின குரல் மாதிரி தாமதமாக வரும். கருவி அதை நம்பி நம்மைப் பத்து, இருபது மீட்டர் தள்ளி வைக்கும். 65எஸ், 67 மாதிரிக் கருவிகள் 1575 மெகாஹெர்ட்ஸ், 1176 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் கேட்டு இந்தத் தவறைக் குறைக்கும். செங்குத்துப் பள்ளம், அடர்ந்த காடு என்று போகிறவர்களுக்கு இந்தப் பணம் வீண்போகாது. மொட்டைப் பாறைக் குன்றுகளில் மட்டும் ஏறுகிறவர்களுக்குத் தேவையில்லை. பெட்டியில் நம் நாட்டுச் செயற்கைக்கோள் வரிசையான நேவிக் பெயரும் இருந்தால் சந்தோஷம். அதற்காக மட்டும் விலை கூடக் கொடுக்க வேண்டாம்.

வாங்கினதும் நான் செய்கிற சோதனை இது. வேலூர்க் கோட்டைக்குள் போங்கள். திறந்த மைதானத்தில் ஒரு கல்லைத் தேர்ந்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு வெளியே, பாதி வானம் மறையும்படி மதிலை ஒட்டி நின்று ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு குறி. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, அதே இரண்டு இடங்களில் நின்று மறுபடி குறியுங்கள். மைதானத்தில் பழைய குறிக்கும் புதிய குறிக்கும் ஐந்து மீட்டருக்குள் வந்தால் நல்ல கருவி. மதிலோரத்தில் எவ்வளவு தள்ளுகிறதோ, மடுவுக்குள் அதைவிடக் கூடுதலாகவே தள்ளும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற டபுள் ஏ செல் இரண்டு போடுகிற கருவிதான் என் முதல் தேர்வு. 22எக்ஸ் ஒரு ஜோடியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். விளக்கைக் கண்டபடி எரியவிடாவிட்டால் என் அனுபவத்தில் இரண்டு பகல் நடைக்குத் தாராளமாக வருகிறது. செல் தீர்ந்தால் ஒடுகத்தூர் பெட்டிக்கடையிலும் வாங்கலாம். ஆனால் கடிகாரத்துக்குக் கொடுக்கிற மலிவு செல் கருவியில் சீக்கிரம் படுத்துவிடும். ஆல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் செல் போட்டால் அமைப்பில் செல் வகையையும் மாற்ற வேண்டும். அந்தச் செல் 1.2 வோல்ட்தான், மாற்றாவிட்டால் பேட்டரி அளவைக் கருவி தப்பாகக் காட்டும். பனியில் ஆல்கலைன் உறைந்தமாதிரி சோர்ந்துவிடும். கேதார்காந்தாவில் எனக்கு விடியற்காலை நாலு மணிக்கு அப்படித்தான் ஆனது. அங்கே ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற லித்தியம் டபுள் ஏ எடுத்துப் போங்கள். ராத்திரி தூங்கும்போது செல்லைப் போர்வைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். 67-இல் உள்ளேயே பொருத்திய பேட்டரி. 180 மணி நேரம் வரை என்று கணக்கு. ஒரு வாரப் பயணத்துக்கு அது அருமை. நாள்பட நாள்பட அந்தப் பேட்டரி தளரும் என்பது மட்டும்தான் என் தயக்கம்.

22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் முக்கிய வித்தியாசம் இரண்டு: காற்றழுத்த உயரமானி, மூன்று அச்சுத் திசைகாட்டி. உயரமானி இல்லாத கருவியும் உயரம் காட்டும், ஆனால் அதில் பிழை பெரிதாக இருக்கும். காற்றழுத்தக் கருவியைக் காலையில் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துவிட்டால் நாள் முழுக்க நம்பலாம். கூடுதலாக ஒரு பலன் உண்டு. கூடாரம் போட்டுப் படுக்கும்போது உயரத்தைக் குறித்து வையுங்கள். நாம் நகரவே இல்லை, காலையில் கருவி முப்பது நாற்பது மீட்டர் ஏறினதாகக் காட்டினால் காற்றழுத்தம் இறங்கியிருக்கிறது, வானிலை கெடப்போகிறது. திசைகாட்டி இல்லாத கருவிக்கு நடந்தால்தான் திசை தெரியும், நின்றால் குழம்பும். மூட்டத்தில் நின்று யோசிக்கிற நேரத்தில்தான் திசை வேண்டும். அதனால் மலைக்கென்று வாங்குகிறவர்கள் 32எக்ஸுக்கே போங்கள் என்பது என் கருத்து.

இப்போது மிக முக்கியமான ஒன்று. கருவியிலிருந்தே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம், ஆபத்தில் எஸ்ஓஎஸ் கொடுக்கலாம் என்கிற இன்ரீச் வகைகளை வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மூலம் வரவழைக்காதீர்கள். நம் நாட்டில் உரிய அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போனோ அந்தச் செய்திக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டுக் கைதானவர்கள் இருக்கிறார்கள். 67 வாங்கும்போது பெயரைக் கூர்ந்து பாருங்கள்: 67 வேறு, 67ஐ வேறு. அந்த "ஐ" தான் செய்தி அனுப்புகிறது. இடத்தை மட்டும் வாங்கிக் காட்டுகிற சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு நம் மாநிலத்தில் காட்டு நடைக்கு விதிகள் இறுகிவிட்டன. வன அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் எந்தக் கருவியோடும் போகாதீர்கள்.

வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த இலவசக் கோப்புகள் கார்மினுக்குக் கிடைக்கின்றன. சமஉயரக் கோட்டோடு உள்ளதைப் போடுங்கள். காகித வரைபடமும் பையில் இருக்கட்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களில் வேலூர் 57 பி (ஆங்கில P), ஜவ்வாது மலையின் பெரும்பகுதி 57 எல் (L). இந்தப் பழைய தாள்களில் ஒரு சூட்சுமம்: அவை எவரெஸ்ட் 1830 என்கிற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை வைத்து வரையப்பட்டவை. அந்தச் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கு. கருவி இயல்பாகக் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்கிற வேறு கணக்கு. மாற்றாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். பாதைக்கும் பள்ளத்துக்கும் அந்த இடைவெளி போதும். கருவியின் அமைப்பில் இதை மாற்றுகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். வேலூர்க் கோட்டை 12 டிகிரி 55 நிமிடம் வடக்கு. இதை ஒருவர் போனில் சொல்ல, இன்னொருவர் 12.55 என்று அடித்தால் குறி நாற்பது கிலோமீட்டர் தெற்கே இறங்கி, போளூர் பக்கம் போய் நிற்கும். சரியான தசம எண் 12.92. ஒரு குழுவில் எல்லோரும் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு யூடிஎம் பிடிக்கும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து, டிகிரிக்குப் பதில் மீட்டரில் இடம் சொல்கிற முறை அது. நம் பக்கம் முழுக்க மண்டலம் 44. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூருக்குப் போகும்போதுதான் 43 ஆகும்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் செல் மூடியைத் திறந்து கம்பிச்சுருளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வேண்டாம். ஒரு கடையில் எனக்கு அப்படி ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்றார்கள், குலுக்கினால் அணைந்துபோகும். ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்புங்கள், எழும்பி வந்தால் உள்ளே தண்ணீர் போகும். யூஎஸ்பி வாயின் ரப்பர் மூடி கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, செல்லைப் போட்டுப் பொத்தானை அமுக்கி, திறந்த வெளியில் பதினைந்து நிமிஷம் வையுங்கள். அதற்குள் இடம் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உறை நானே தைத்துக்கொண்டேன், டேனரியில் மிஞ்சின ஆட்டுத்தோல் துண்டில். தலைப்பக்கம் திறந்து, ஆன்டெனாவுக்கு மேல் எதுவும் வராமல். முதலில் தைத்ததில் அழகுக்காகக் காந்தப் பட்டன் வைத்தேன். திசைகாட்டி நாற்பது டிகிரி திரும்பி நின்றது. அதைப் பிய்த்துவிட்டு இப்போது வாரும் பித்தளை வளையமும்தான்.